வடதுருவ ஒளி: கேமராவுக்குப் பச்சை, கண்ணுக்குச் சாம்பல்

வாழ்க்கையில் ஒரு முறையாவது வடதுருவ ஒளியைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல குடும்பங்களில் முளைத்திருக்கிறது. ஒரு காலத்தில் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் மட்டுமே கண்ட காட்சி அது. இன்று உறவினர் ஒருவர் நார்வே நாட்டுக்குப் போய்வந்து கைப்பேசியில் படம் காட்டுகிறார். வானம் முழுவதும் பச்சை, அதன் ஓரத்தில் ஊதா, கீழே வெண்பனி மலை. பார்ப்பவர்களுக்கு 'நாமும் போனால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதானே! பல ஆண்டுகள் சேர்த்த பணம், வேலையிடத்தில் கேட்டு வாங்கிய ஒரு வார விடுப்பு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை என எல்லாவற்றையும் ஒன்றுகூட்டிப் புறப்படுகிறார்கள்.

போனவர்களில் ஒரு சாரார் மகிழ்ச்சியோடு திரும்புகிறார்கள். மற்றொரு சாராரின் முகத்தில் ஏமாற்றம். அந்த ஏமாற்றத்திலும் இரண்டு வகை உண்டு. முதல் வகை, போன நாள் எல்லாம் மேகம் மூடி ஒன்றுமே காணாமல் திரும்பியது. அதையாவது விதி என்று விட்டுவிடலாம். இரண்டாவது வகைதான் விந்தையானது. வானம் தெளிவாக இருந்தது, ஒளியும் வந்தது, படமும் பச்சைப் பசேல் என்று விழுந்தது. ஆனால் அவர்கள் சொல்வதோ, "கண்ணுக்கு வெறும் புகை மாதிரிதான் தெரிந்தது" என்பது.

அப்படியானால் படம் பொய்யா? கண் பொய்யா? இரண்டும் பொய் இல்லை. கேமரா ஒன்றைப் பார்க்கிறது, கண் வேறொன்றைப் பார்க்கிறது. இதை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே புரிந்துகொண்டவர்களுக்கு அந்தப் பயணம் வீணாவதில்லை.

அந்த ஒளி எங்கிருந்து வருகிறது?

சூரியனிலிருந்து வெளிச்சமும் வெப்பமும் மட்டும் வருவதில்லை. மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களும் இடைவிடாமல் நாலாபக்கமும் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. இதனைச் சூரியக் காற்று என்கிறார்கள். சாதாரண நாளில் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வந்தாலும் 150 மில்லியன் கிலோமீட்டரைக் கடந்து பூமியை அடைய நான்கு நாள் பிடிக்கும். சூரியனில் பெரிய வெடிப்பு நிகழ்ந்தால் ஒரே நாளில் வந்து சேருவதும் உண்டு.

பூமியைச் சுற்றி ஒரு காந்தப் புலம் கவசம்போல் நிற்கிறது. சூரியத் துகள்கள் நேராகத் துருவத்தில் வந்து விழுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. சூரியக் காற்று அந்தக் காந்தக் கவசத்தைத் தள்ளி, பூமிக்குப் பின்புறம் நீண்ட வால்போல் இழுத்துவிடுகிறது. அந்த வாலில் ஆற்றல் சேர்ந்து சேர்ந்து ஒரு கட்டத்தில் விடுபடுகிறது. அப்போது முடுக்கிவிடப்பட்ட எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகள் வழியே துருவப் பகுதிகளை நோக்கி இறங்கி, காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதுகின்றன. மோதப்பட்ட அணுக்கள் வாங்கிய ஆற்றலை ஒளியாக வெளிவிடுகின்றன. கடை வாசலில் எரியும் நியான் விளக்கின் உள்ளே நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

தரையிலிருந்து 100 முதல் 200 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் ஆக்சிஜன் அணு பச்சை ஒளி தருகிறது. அதற்கும் மேலே, காற்று மிக மெலிந்த இடத்தில், அதே ஆக்சிஜன் சிவப்பைத் தருகிறது. மிகக் கீழ் ஓரத்தில் தோன்றும் இளஞ்சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் நைட்ரஜனின் வேலை. விமானம் பறக்கும் உயரம் 10 கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் கொண்டால், இந்தத் திரை எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பது விளங்கும். மழை மேகங்கள் எல்லாம் இதற்கு வெகு கீழே. ஆகவே மேகம் வந்தால் கதவு சாத்தியது போலத்தான்.

கண் செய்யும் வேலை

நம் கண்ணின் உள்ளே ஒளியை உணரும் அணுக்கள் இரண்டு வகை. கூம்பு வடிவில் இருப்பவை நிறம் அறியும், ஆனால் அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கோல் வடிவில் இருப்பவை மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்யும், ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. நள்ளிரவில் விளக்கு போடாமல் அறைக்குள் நடந்து பாருங்கள். நாற்காலி தெரியும், அதன் மேல் கிடக்கும் துணியும் தெரியும். துணி சிவப்பா பச்சையா என்று கேட்டால் சொல்ல முடியாது. மங்கலான துருவ ஒளியைப் பார்க்கும்போதும் இதே நிலைதான். கோல் அணுக்கள் மட்டுமே விழித்திருக்கின்றன. ஆகவே பச்சை ஒளி சாம்பல் நிறமாக, மெல்லிய மேகம்போலத் தெரிகிறது. சிவப்பின் பாடு இன்னும் மோசம். கோல் அணுக்களுக்குச் சிவப்பு ஒளி அநேகமாகப் படுவதே இல்லை. படத்தில் செக்கச் சிவந்த வானம், நேரில் பார்த்தவருக்கு வெறும் இருட்டாக இருந்திருக்கலாம்.

கேமராவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது பத்து வினாடி திறந்திருந்தால் பத்து வினாடி ஒளியையும் உண்டியலில் காசு சேர்ப்பதுபோல் சேர்த்துக்கொள்கிறது. கண்ணால் அப்படிச் சேர்த்துவைக்க இயலாது. அவ்வப்போது வரும் ஒளியை அவ்வப்போதே செலவழித்துவிடுகிறது.

2024ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி இரவு இதற்கு உலகமே சாட்சியாக நின்றது. 2003க்குப் பிறகு வந்த மிகக் கடுமையான காந்தப் புயல் அன்று பூமியைத் தாக்கியது. இங்கிலாந்தின் தென்பகுதி, ஜெர்மனி என வழக்கமாக இவ்வொளி எட்டாத இடங்களில் எல்லாம் மக்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்களில் பலர் வெறுங்கண்ணால் மங்கிய ஒரு வெளிச்சத்தைத்தான் கண்டார்கள். கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபோதுதான் திரையில் இளஞ்சிவப்பும் பச்சையும் விரிந்தன. இந்தியாவின் லடாக் மலையில் ஹான்லே என்னுமிடத்தில் உள்ள வானாய்வுக் கூடத்தின் கேமராவில்கூட அன்றிரவு அடிவானத்துச் சிவப்பு பதிவாயிற்று.

இதனால் நேரில் பார்ப்பதில் பயனில்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒளி வலுத்துவிட்டால் கூம்பு அணுக்களும் விழித்துக்கொள்கின்றன. அப்போது வெறுங்கண்ணுக்கே பச்சை தெளிவாகத் தெரியும். கீழ் விளிம்பில் இளஞ்சிவப்புக் கரை ஓடுவதும் தெரியும். அதைவிட முக்கியமானது அசைவு. காற்றில் ஆடும் திரைச்சீலைபோல் அது மடிகிறது, விரிகிறது, வானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நொடியில் ஓடுகிறது. பத்து வினாடி திறந்திருக்கும் கேமரா இத்தனை ஓட்டத்தையும் குழைத்து ஒரே பச்சைப் பூச்சாக்கிவிடும். நிறத்தில் கேமரா வென்றது என்றால், அசைவில் கண்தான் வென்றது. படம் எடுப்பதிலேயே மூழ்கி, பின்புறத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இழப்பது இதைத்தான்.

முதலில் முயன்றவர்கள்

இந்த ஒளியைப் படத்தில் பிடிக்க மனிதன் பட்ட பாடு சிறிதன்று. சோஃபஸ் டிரோம்ஹோல்ட் என்பவர் டென்மார்க்கில் பிறந்து நார்வேயில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1882-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை நார்வேயின் வடகோடியில் கௌத்தோகெய்னோ என்ற ஊரில் துருவ ஒளி ஆராய்ச்சிக்காகவே கழித்தார். வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே ஒளியை ஒரே நேரத்தில் நோக்கினால் அதன் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பது அவர் திட்டம். படம் எடுக்கவும் முயன்றார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகளுக்கு இந்த ஒளி போதவில்லை. தகடுகளில் ஒன்றும் விழவில்லை.

ஆனால் அவர் கேமராவை மூட்டை கட்டிவிடவில்லை. அந்த ஊரில் வாழ்ந்த சாமி இன மக்களைப் படம் எடுத்தார். (சாமி என்பது அங்கே கலைமான் மேய்த்து வாழ்ந்த ஒரு பழங்குடியினரின் பெயர். நம் வழிபாட்டுச் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை.) வெளியூர்க்காரர்கள் அம்மக்களை வேடிக்கைப் பொருளாகப் படம் பிடித்த காலம் அது. டிரோம்ஹோல்ட்டோ ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டு எழுதி வைத்தார். அந்தப் படத்தொகுப்பை 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ தனது உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. ஒளியைத் தேடிப் போனவருக்கு ஒளி அகப்படவில்லை, முகங்கள் அகப்பட்டன.

பத்தாண்டு கழித்து, 1892ஆம் ஆண்டு ஜனவரியில், மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் அதே வட்டாரத்தில் உள்ள போசெகோப் என்ற இடத்தில் துருவ ஒளியைத் தகட்டில் பதித்துக் காட்டினார். மங்கலான கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆயினும் வழி திறந்துவிட்டது.

அந்த வழியில் வெகுதூரம் நடந்தவர் கார்ல் ஸ்டோர்மர். இவர் நார்வே நாட்டுக் கணித மேதை. மாணவராக இருந்த காலத்தில் மேற்சட்டைக்குள் கேமராவை மறைத்து வைத்துக்கொண்டு, தலைநகரின் வீதியில் போவோர் வருவோரை அவர்கள் அறியாமலேயே படம் பிடித்த குறும்புக்காரரும்கூட. 1910இலும் 1913இலும் அவர் போசெகோப்புக்குக் குழுவோடு சென்றார். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமராக்களை நிறுத்தி, இரண்டு இடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். "இப்போது" என்று சொன்னதும் இரு பக்கமும் ஒரே கணத்தில் படம் எடுக்கப்படும். இரண்டு படத்திலும் பின்னணியில் இருக்கும் நட்சத்திரங்களை ஒப்பிட்டு, ஒளி எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று அளந்தால் உயரம் கிடைத்துவிடும். அதன் அடி விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கிறது என்பதை உறுதியாக நிலைநாட்டியவை இந்தப் படங்களே. பள்ளியில் படிக்கும் முக்கோணக் கணக்குக்கு இதைவிட அழகான பயன் உண்டோ?

மேகம்தான் முதல் எதிரி

இன்றைய பயணிக்கு வருவோம். எங்கே போவது, எப்போது போவது?

துருவ ஒளி துருவப் புள்ளியின் நேர் மேலே தோன்றுவதில்லை. காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையம்போல் படர்ந்திருக்கிறது. அந்த வளையத்தின் அடியில் அமைந்த ஊர்கள்தான் வசதி. நார்வேயின் டிரோம்சோ, ஸ்வீடனின் அபிஸ்கோ, பின்லாந்தின் லாப்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ், கனடாவின் எல்லோநைஃப் ஆகியவை பலரும் அறிந்த பெயர்கள்.

அடுத்தது காலம். கோடையில் அங்கே இரவே இருட்டுவதில்லை. டிரோம்சோவில் மே பிற்பகுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே கிடையாது. ஜூன் பள்ளி விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு 'ஒளி தெரியுமா' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், தெரியாது. செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் நம்பிப் போகலாம். அதிலும் மார்ச், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காந்தக் கொந்தளிப்பு சற்று அதிகம் என்பது நெடுங்காலப் பதிவுகளில் தெரிந்த உண்மை. டிசம்பரில் சூரியன் உதிப்பதே இல்லை என்பதால் இருட்டுக்குக் குறைவில்லை. ஆனால் மேகத்துக்கும் பனிப்பொழிவுக்கும் குறைவில்லை.

டிரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆயினும் கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் ஜனவரியில்கூட அங்குச் சராசரிக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 4 டிகிரி அளவில்தான் நிற்கிறது. உடம்புக்கு இது நல்ல செய்தி. வானத்துக்குக் கெட்ட செய்தி. கடற்காற்று மேகத்தையும் கூடவே ஏற்றிக்கொண்டு வருகிறது. இதனால்தான் அங்குள்ள வழிகாட்டிகள் மாலையில் வானிலைப் படத்தைப் பார்த்துவிட்டு, சிறு பேருந்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ஓடுகிறார்கள். லிங்கன் மலைத்தொடர் கடல் மேகத்தைத் தடுத்து நிறுத்துவதால் அதன் மறுபக்கத்தில் உள்ள ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கில் வானம் அடிக்கடி தெளிந்திருக்கும். டிரோம்சோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வானாய்வுக் கூடம் அமைக்கப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்த இடமும் அதுவே. அங்கும் மேகம் என்றால் இன்னும் மேலேறி எல்லையைக் கடந்து பின்லாந்தின் கில்பிஸ்யார்விக்கே போய்விடுவார்கள். ஓர் ஒளியைத் தேடி ஒரே இரவில் இரண்டு நாடு! அபிஸ்கோவின் பெருமையும் இத்தகையதே. மேற்கே மலைகள் மேகத்தின் ஈரத்தை வாங்கிக்கொள்வதால் ஸ்வீடனிலேயே மழை மிகக் குறைந்த இடங்களில் ஒன்றாக அது இருக்கிறது.

எத்தனை இரவு தங்க வேண்டும்? இங்கேதான் பலர் சிக்கனம் பார்த்துக் கோட்டை விடுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஓர் இரவு வானம் தெளிந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். ஓர் இரவு மட்டும் தங்கினால் 100க்கு 50. மூன்று இரவு தங்கினால் ஒரு முறையாவது வானம் தெளியும் வாய்ப்பு 100க்கு 87. ஐந்து இரவு என்றால் 100க்கு 96க்கும் மேல். ஆனால் நிஜத்தில் மேகம் ஒரு முறை வந்து அமர்ந்தால் மூன்று நாள் நகராமலும் இருக்கும். எனவே கணக்கு சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தங்குவதே மேல். லண்டன், பாரிஸ் என்று ஏழு நகரங்களைச் சுற்றிவிட்டு, போகிற போக்கில் டிரோம்சோவில் ஓர் இரவு என்று திட்டம் போடுவது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமம்.

எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்

புறப்படும் முன்பே கைப்பேசியில் துருவ ஒளிச் செயலியை இறக்கிக்கொண்டு, 'கேபி' என்ற எண்ணைப் பார்த்துப் பார்த்து மனம் ஒடிந்து போகிறவர்கள் உண்டு. 'இன்று 2தான் காட்டுகிறது, 9 வரை இருக்கிறதே' என்பது அவர்களின் கவலை. கேபி எண் என்பது உலகம் முழுவதற்குமான காந்தக் கொந்தளிப்பை மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை 0 முதல் 9 வரை அளந்து சொல்வது. ஒளி வளையம் தெற்கே எவ்வளவு தூரம் இறங்கும் என்பதற்கு அது நல்ல அடையாளம். லண்டனில் இருப்பவருக்கு அது முக்கியம். டிரோம்சோவில் நிற்பவர் வளையத்தின் அடியிலேயே நிற்கிறார். அவருக்கு 1, 2 என்ற எண்ணே போதும். அந்த எண்ணை விட்டுவிட்டு மேக முன்னறிவிப்பைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

பூமியிலிருந்து சூரியனின் பக்கமாக 1.5 மில்லியன் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தப்பட்டிருக்கும் செயற்கைக்கோள்கள், வரும் சூரியக் காற்றை முன்கூட்டியே தொட்டுப் பார்த்துச் சொல்கின்றன. ஆனால் அந்த முன்னறிவிப்பின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இன்று எவராலும் இயலாது. 'அடுத்த மாதம் 14ஆம் தேதி நிச்சயம் தெரியும்' என்று பயண முகவர் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

சூரியனின் ஆர்ப்பாட்டம் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. அந்த உச்சக்கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. அப்படியானால் நல்ல காலம் முடிந்துவிட்டதா என்று கேட்கலாம். இல்லை. உச்சம் கழிந்த சில ஆண்டுகளிலும் பெரும் புயல்கள் வருவதுண்டு. 2003ஆம் ஆண்டுப் புயல் அப்படி வந்ததுதான். மேலும் வளையத்தின் அடியில் உள்ள ஊர்களில் சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலும் ஒளி வந்துகொண்டேதான் இருக்கிறது.

படம் எடுக்கும் முறை

கேமராவை உறுதியான முக்காலியில் நிறுத்தாமல் எதுவும் நடக்காது. ஷட்டர் பல வினாடிகள் திறந்திருக்கும்போது கை நடுக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அகன்ற கோண லென்ஸ் வேண்டும், 14 முதல் 24 மில்லிமீட்டர் வரை நல்லது. அதன் துவாரம் எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறந்தால் சிறப்பு. ஐஎஸ்ஓ எண்ணை 1600 அல்லது 3200இல் வைத்துத் தொடங்கலாம். மங்கலான ஒளிக்கு 10 முதல் 15 வினாடி தேவைப்படும். ஒளி ஆட்டம் போடத் தொடங்கியதும் 2, 3 வினாடிக்குக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மடிப்புகள் எல்லாம் கரைந்துபோகும். பலர் ஒரே அளவை வைத்துக்கொண்டு இரவு முழுக்க அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அவர்களின் சிறந்த கணங்கள் அனைத்தும் வெளிறிப்போயிருக்கும்.

ஃபோகஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். இருட்டில் தானியங்கி ஃபோகஸ் திண்டாடும். லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருக்கிறதே என்று அதை நம்புவதும் சரியன்று, குளிரில் அது சற்று விலகி நிற்கும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பின்திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும் வரை கையால் திருப்பி, பிறகு அந்த வளையத்தைப் பசை நாடாவால் ஒட்டிவிட வேண்டும். இருட்டில் தெரியாமல் விரல் பட்டால் நகராது.

லென்ஸின் முன்னே பாதுகாப்புக்காக மாட்டியிருக்கும் தட்டைக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். துருவ ஒளியின் பச்சை ஒரே அலைநீளம் கொண்ட தூய பச்சை. அது தட்டைக் கண்ணாடியின் இரு பரப்புகளுக்கும் இடையே எதிரொளித்துப் படத்தின் நடுவே வட்டம் வட்டமாக வளையங்களை உண்டாக்கும். ஊருக்குத் திரும்பிய பிறகு கணினியில் அதைக் கண்டு, லென்ஸ் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும்.

விலையுயர்ந்த கேமரா இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. இன்றைய கைப்பேசிகளில் இரவுப் படத்துக்கான வசதி இருக்கிறது. சிறு முக்காலியில் பொருத்தி, மூன்று முதல் பத்து வினாடிவரை வைத்தால் வீட்டில் மாட்டும் அளவுக்குப் படம் கிடைக்கும். ஃபிளாஷை மட்டும் மறக்காமல் அணைத்துவிட வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதன்மேல் அந்த வெளிச்சம் விழப்போவதில்லை. பக்கத்தில் நிற்பவர்களின் கண்ணைத்தான் குருடாக்கும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. ஒரே ஒரு ஃபிளாஷ் அந்த அரை மணி நேரத்தையும் பறித்துவிடும். தலையில் மாட்டும் விளக்கும் சிவப்பு ஒளி தருவதாக இருப்பதே நாகரிகம்.

அத்துடன் கைப்பேசி கேமராவுக்கு இன்னொரு பயனும் உண்டு. வானத்தில் தெரிவது மேகமா, ஒளியா என்ற ஐயம் எழுந்தால் ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம். பச்சை விழுந்தால் ஒளி. சாம்பலாகவோ, ஊர் விளக்கின் மஞ்சள் படிந்தோ இருந்தால் மேகம்.

குளிரில் நிற்பது

30 டிகிரி வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு, பூச்சியத்துக்குக் கீழே 15 டிகிரியில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்பது எளிதன்று. கேமரன் மலைக்கு வாங்கிய குளிர்ச்சட்டை இங்கே உள்சட்டைக்குக்கூடக் காணாது. உடலை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த ஓர் அடுக்கு, அதற்கும் மேலே காற்றுப் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்கு வேண்டும். பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அது உடம்பையே குளிர்விக்கும். பாதம்தான் முதலில் விறைக்கும் என்பதால் காலணி ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும், கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டுமே. மெல்லிய கையுறைக்கு மேல் பெரிய கையுறை போட்டுக்கொண்டால் பொத்தான் அழுத்தும்போது மேலதை மட்டும் கழற்றலாம். டிரோம்சோவின் வீதிகள் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை அங்குள்ள கடைகளில் கிடைக்கிறது. வயதான அப்பா அம்மாவை அழைத்துச் செல்பவர்கள் ஒளியைத் தேடுவதற்கு முன் அதை வாங்கிவிடுவது உத்தமம்.

குளிர் பேட்டரியையும் விட்டுவைப்பதில்லை. முழுதாக ஏற்றிய பேட்டரியே சற்று நேரத்தில் தீர்ந்ததுபோல் படுத்துவிடும். மாற்று பேட்டரிகளைப் பையில் போடாமல் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். படுத்ததையும் அங்கே வைத்துச் சூடேற்றினால் மீண்டும் சற்று நேரம் உழைக்கும்.

ஒளி வரும்போது

பெரும்பாலும் இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள்தான் ஆட்டம் உச்சம் பெறுகிறது. முதலில் வடக்கு அடிவானத்தில் மங்கிய வெள்ளை வில் ஒன்று தோன்றும். பலர் அதை மேகம் என்று எண்ணி அறைக்குப் போய்விடுவார்கள். அந்த வில் அசையாமல் ஒரு மணி நேரம்கூட நிற்கும். பிறகு அதன் கீழ் விளிம்பு பளிச்சென்று கூர்மையாகும். அதுதான் அறிகுறி. அதற்குப் பின் சில நிமிடங்களில் வில் உடைந்து, கதிர்கள் எழுந்து, வானம் முழுவதும் பரவிவிடும். சில நேரம் தலைக்கு நேர் மேலே எல்லாக் கதிர்களும் ஒன்றுகூடி மகுடம்போல் விரியும். இந்தப் பேராட்டம் பத்து நிமிடமோ அரை மணி நேரமோதான். அதன் பின் வெளிறிய திட்டுகள் மினுக்கி மினுக்கி அணையும். ஓரிரு மணி நேரம் பொறுத்தால் அடுத்த சுற்று வரவும் கூடும்.

சாமி இன முதியோர் அக்காலத்தில் இந்த ஒளி ஆடும்போது பிள்ளைகளை அடக்கமாக இருக்கச் சொல்வார்களாம். சீட்டியடித்தால் அது இறங்கி வந்து பிடித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இன்று சுற்றுப்பயணிகள் சீட்டியடித்துக் கைதட்டி வரவேற்கிறார்கள்.

அனுபவமுள்ள வழிகாட்டிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பேராட்டம் தொடங்கியதும் கேமராவைத் தானாகப் படமெடுக்கும்படி விட்டுவிட்டு, நிமிர்ந்து வானத்தைப் பார்க்கச் சொல்வார்கள். இடைவெளி விட்டுத் தொடர்ந்து அழுத்தும் வசதி இன்று பெரும்பாலான கேமராக்களில் உண்டு. குடும்பத்தோடு படம் வேண்டுமென்றால், ஷட்டர் திறந்திருக்கும் அந்தச் சில வினாடிகள் மட்டும் மூச்சைப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் மங்கிய கைவிளக்கை அரை வினாடி முகத்தின் பக்கம் காட்டினால் முகமும் தெரியும், பின்னால் ஒளியும் தெரியும்.

எல்லாம் முடிந்து விடுதிக்குத் திரும்பும்போது ஒரு கவனம் தேவை. உறைந்த கேமராவை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோனால், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலைப்போல் அதன் உள்ளும் புறமும் நீர் கோத்துவிடும். வெளியிலேயே அதை இறுக்கமான நெகிழிப் பையில் போட்டுக் கட்டி, அப்படியே அறைக்குள் வைத்து, காலை வரை திறக்காமல் விட வேண்டும். பிள்ளைகள் அதுவரை பொறுக்க மாட்டார்கள் என்றால், பையைக் கட்டும் முன் மெமரி கார்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.